பிள்ளை எந்த வகுப்பு என்று முதலில் கேளுங்கள்

ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியிலும் தடாவைச் சுற்றியும் இருக்கும் தொழிற்சாலைகளின் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சத்தியவேட்டுக்காரி. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் உங்கள் நிறுவனங்களுக்கு வரும் பொறியாளர்களின் குடும்பங்களுக்குச் சென்னையில் வீடும் பள்ளியும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். உங்களில் பலருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. தினமும் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி வேலைக்கு வரும் தமிழர்கள் உங்களில் நிறையப் பேர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மாற்றல் தேதியை முடிவு செய்யும் முன்னால், வருகிறவரின் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பும் படிவத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வயதுக்கு ஒரு கட்டம், உணவு ஒவ்வாமைக்கு ஒரு கட்டம் எல்லாம் இருக்கிறது. வகுப்புக்குக் கட்டம் இல்லை. அது இல்லாததால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஏப்ரலில் ஒரு ஜப்பானியக் குடும்பம் வந்தது. மூத்த பையனுக்குப் பதினைந்து வயது. அங்கே ஜூனியர் ஹைஸ்கூல் மூன்றாம் ஆண்டை, நம் கணக்கில் ஒன்பதாவதை, மார்ச்சில் முடித்திருந்தான். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, கம்பெனி மாற்றல்களும் பெரும்பாலும் அப்போதுதான். அங்கிருந்து பார்த்தால் சரியான நேரத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் சென்னையில் அவனைச் சேர்த்த சர்வதேசப் பள்ளிக்கு ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அவன் வந்து இறங்கியபோது ஒன்பதாம் வகுப்பு முடிய இரண்டே மாதம் இருந்தது.

அந்தப் பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டம், கேம்பிரிட்ஜ் 1988-இல் கொண்டுவந்தது. பெரும்பாலான பள்ளிகளில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பாக நடக்கும், கடைசியில் பொதுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பில் நடத்தியதும் அந்தத் தேர்வில் வரும். ஒன்பதாவது புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டுப் பத்தாவதைப் படிக்கும் நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. அந்தப் பையன் இரண்டு வருஷப் படிப்பைப் பதின்மூன்று மாதத்தில், அதுவும் ஆங்கிலத்தில் முடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பரில் தண்ணீர் மோட்டார் பழுது என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் அவனுடைய இயற்பியல் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தை ஸ்கேல் வைத்து மூன்றாகப் பிரித்திருந்தான். இடது பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் அதன் உச்சரிப்பு கட்டகானா என்னும் ஜப்பானிய எழுத்தில், வலது பக்கம் ஜப்பானியப் பொருள். முத்து முத்தான கையெழுத்து. ‘மொமென்ட்’ என்ற சொல்லுக்கு நேரே ‘கணம், நொடி’ என்று எழுதியிருந்தான். அகராதியைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். இயற்பியலில் மொமென்ட் என்பது விசையின் திருப்புத்திறன். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கஷ்டம், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபம் என்கிறோமே, அந்தப் பாடம். அவன் நொடி என்றே நினைத்துக்கொண்டு கணக்கைப் போட்டிருந்தான். பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

எனக்கு அந்த நோட்டு தெரியும். நானும் ஒன்று வைத்திருந்தேன்.

1960 ஏப்ரல் 1-க்கு முன்னால் சத்தியவேடு செங்கல்பட்டு மாவட்டம். எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது, எங்கள் பக்கம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டம் ஆனோம். எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், ஆபீஸ் என்றால் தெலுங்கு. நான் எட்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். ஒன்பதாவதுக்குத் தமிழில் எடுக்க ஆள் இல்லை என்று தெலுங்கு வழியில் சேர்த்துவிட்டார்கள். தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதனால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை.

முதல் பரீட்சையிலேயே இயற்பியலில் விழுந்தேன். தமிழில் வேகம் என்றால் ஸ்பீடு, திசையும் சேர்ந்தால் திசைவேகம். தெலுங்குப் புத்தகத்தில் ஸ்பீடுக்கு ‘வடி’, வெலாசிட்டிக்கு ‘வேகம்’. நம்முடைய விசை அங்கே ‘பலம்’. எல்லாம் தெரிந்த சொல், பொருள் மட்டும் வேறு. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் வாத்தியாரிடம் கேட்டிருப்பேன். தெரிந்த சொல் என்பதால் கேட்கவே தோன்றவில்லை. எட்டாவதில் முதல் மூன்று ரேங்குக்குள் வந்தவள், அரையாண்டில் அறிவியலில் 22 வாங்கினேன். எனக்குப் படிப்பு வராது என்று அப்பா முடிவு கட்டினார். அதைவிட மோசம், நானும் அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கை போகப் பல வருஷம் ஆயிற்று.

அதனால்தான் ‘பையன் இங்கிலீஷ் நல்லாத்தான் பேசறானே’ என்று நீங்கள் போனில் சொல்லும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. விமான நிலையத்தில் பேசும் ஆங்கிலமும் வேதியியல் வகுப்பில் எழுதும் ஆங்கிலமும் ஒன்றில்லை. பள்ளிகளுக்கு இது தெரியும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிகளில் தனி ஆசிரியர் உண்டு. ஆனால் அந்த உதவி எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துப்போய்ச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அந்த நேரத்தில் நடந்த கணக்கு வகுப்பு போனது போனதுதான். சில இடங்களில் அந்த ஆசிரியர் பாட ஆசிரியரோடு வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்து உதவுகிறார். ஒன்பதாவதுக்கு மேல் அந்த உதவியே கிடையாது என்னும் பள்ளிகளும் இருக்கின்றன. பள்ளி பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். நீங்கள் இதைக் கேளுங்கள்.

அந்தப் பையன் கதையை முடித்துவிடுகிறேன். ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பை முதலிலிருந்து படிக்கட்டும் என்று பள்ளியே சொன்னது. நானும் கெஞ்சினேன். ஒரு வருஷம் வீணாகும், அப்பாவின் பணிக்காலம் மூன்று வருஷம்தான், கணக்கு ஒத்துவராது என்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. ஜனவரியில் அம்மாவும் பையனும் ஊர் திரும்பினார்கள். கல்வி ஆண்டின் கடைசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் போய் நுழைவது ஜப்பானில் எவ்வளவு கஷ்டம் என்று அந்த அம்மா என்னிடம் காரில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா இங்கேயே தங்கினார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் வேலை பார்ப்பதற்கு ஜப்பானியரிடம் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது, ‘தன்ஷின் ஃபுனின்’ என்பார்கள். வளைகுடாவுக்கு ஆள் போயிருக்கும் வீடுகளில் கேட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும்.

வருஷம் வீணாகும் என்ற பயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வகுப்பு தாண்டி மேலே சேர்க்க முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் 12 வருஷப் பள்ளிப் படிப்பைப் பார்க்கின்றன. இங்கே மிச்சப்படுத்திய ஒரு வருஷம் அங்கே வாசலில் வந்து நிற்கும். கீழ் வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் கூடுதலாகப் படித்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்து யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

சரி, எப்போது அழைத்து வரலாம்? என் அனுபவத்தில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளை எந்த மாதம் வந்தாலும் சமாளித்துவிடுகிறது. ஒன்பதாவது என்றால் ஆகஸ்ட் தொடக்கத்துக்கே வந்துவிட வேண்டும், கூடுமானால் ஜூலையில். பத்தாவது நடுவிலும் பன்னிரண்டாவதிலும் அழைத்து வராதீர்கள். இது வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பும் நம் ஆட்களும் சி.பி.எஸ்.இ.யில் பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ நேராகச் சேர்க்கப் பார்த்து அலைகிறார்கள். ஒன்பதிலும் பதினொன்றிலும் சேர்ந்து வருவதுதான் அங்கே முறை.

டெல்லியிலும் மும்பையிலும் முழுநேர ஜப்பானியப் பள்ளி இருக்கிறது, அதில் போடலாமே என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். சென்னையில் அப்படி ஒன்று இல்லை. அங்கேயும் ஒன்பதாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் எந்த ஊரானாலும் சர்வதேசப் பள்ளிதான்.

பதினொன்று, பன்னிரண்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருஷத்துக்குச் சென்னையில் பல பள்ளிகளில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) டிப்ளமா இருக்கிறது. 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு நடத்துவது. ஆறு பாடம் எடுக்க வேண்டும், அதில் பொதுவாக மூன்றை உயர்நிலையில், அதாவது இன்னும் ஆழமாக, படிக்க வேண்டும். 4000 சொல்லுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை. மொத்தம் 45 புள்ளி, குறைந்தது 24 வாங்கினால்தான் டிப்ளமா. ஒரு பள்ளியில் ஒரு வருஷம் படித்துவிட்டு இன்னொரு நாட்டுப் பள்ளிக்கு மாறினால் அதே ஆறு பாடம் அங்கே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உயர்நிலைக் கணக்கும் உயர்நிலை இயற்பியலும் ஒன்றாக எடுக்க முடியாதபடி கால அட்டவணை போட்டிருக்கும் சின்னப் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் ‘ஐ.பி. இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. எந்தெந்தப் பாடம் சேர்த்து எடுக்கலாம், போன வருஷம் எத்தனை பேர் எழுதினார்கள், அதில் முழு டிப்ளமா எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். சராசரி 36 என்று சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். எழுதியது ஏழே பேர் என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பு வேறு.

இதில் யாருக்கும் தெரியாத, எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. ஐ.பி.யில் ஒரு பாடம் பிள்ளையின் முதல் மொழி இலக்கியம். அந்த மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் பிள்ளை அதைத் தானே படித்துத் தேர்வு எழுதலாம். பள்ளி மேற்பார்வை செய்தால் போதும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழிப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பள்ளியும் இதற்குச் சம்மதிப்பதில்லை, சம்மதிக்கும் பள்ளியும் தானாக முன்வந்து சொல்வதில்லை. கேட்க வேண்டும்.

ஒரு கொரியப் பெண் இப்படிப் படித்தாள். சனிக்கிழமை காலை சோல் நகரத்திலிருந்து ஓர் ஆசிரியை கம்ப்யூட்டரில் வருவார். நான் வாடகை ரசீது கொடுக்கப் போன ஒரு சனிக்கிழமை அவள் கொரியக் கவிதை ஒன்றை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொரிய மொழி நாலு வார்த்தைதான் தெரியும். ஆனால் பள்ளியில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது தாழ்ந்து போகும் அந்தப் பெண்ணின் குரல் அன்றைக்கு எப்படி ஒலித்தது என்பதை என் காதால் கேட்டேன். சமையலறையில் அவள் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றார். ஆறு பாடத்தில் ஒன்றிலாவது அவள் யாருக்கும் பின்னால் இல்லை. எனக்கு ஒன்பதாவதில் தமிழ் என்று ஒரு பீரியட் இருந்திருந்தால் போதும், நான் மக்கு என்று நினைத்திருக்க மாட்டேன். ஆசிரியைக்கும் புத்தகத்துக்கும் ஆகும் செலவு உங்கள் நிறுவனங்கள் கார் டயருக்குச் செய்வதைவிடப் பெரிதாக இருக்காது. தயவு செய்து அதைப் பள்ளிச் செலவில் சேருங்கள்.

அடுத்து வீடு. உங்கள் வழக்கம் இப்படி இருக்கிறது: குடும்பம் வருவதற்குள் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் சக ஊழியர் வீட்டுக்குப் பக்கத்தில், அடையாறிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ. அப்புறம் ‘இந்த வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி பார்’ என்று எனக்கு மெயில் வருகிறது. தொழிற்சாலை நகரத்துக்கு வடக்கே 55 கிலோமீட்டர். 1995-இல் தொடங்கிய தரமணி அமெரிக்கப் பள்ளியில் இருந்து ராஜீவ் காந்தி சாலைப் பக்கப் பள்ளிகள் வரை, நான் அதிகம் அழைத்துப்போகும் பள்ளிகள் நகரத்தின் தென்பாதியில் இருக்கின்றன. அப்பா விடிவதற்குள் கிளம்பி, மாதவரம், நல்லூர் டோல், கவரைப்பேட்டை என்று ஊர்ந்து, இரவு எட்டுக்கு மேல் வீடு வருகிறார். பள்ளியில் ஆசிரியரைப் பார்க்கும் நாளுக்கு அவரால் வர முடியாது. மொழி தெரியாத ஊரில் அந்த அம்மாவும் பிள்ளையும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பாவின் பயணத்தைக் குறைக்க முடியாது, சரி. பிள்ளையின் பயணத்தையாவது குறைக்கலாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் வேலை இருக்கும், சேவைப் பணி, விளையாட்டு, ஆய்வகம். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வீட்டைத் தேடுவோம். பள்ளி முதலில், வீடு பிறகு.

அதற்கு முன் பிள்ளை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இப்போது பார்வையிட வருவது அப்பாவும் அம்மாவும், சில சமயம் அப்பா மட்டும். வீட்டின் குளியலறையை நாலு முறை திறந்து பார்க்கிறார்கள், பள்ளிக்கு முக்கால் மணி நேரம். மூன்று நாள் கொடுங்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள், ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார வையுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று சாயங்காலம் காரில் கேட்டால், அந்தப் பள்ளி அவனுக்குச் சரிவருமா என்று பாதி தெரிந்துவிடும். ஒரு விமான டிக்கெட் கூடுதல், அவ்வளவுதான்.

பணம் பற்றி ஒரு பத்தி. கட்டணத்தில் பாதி அல்லது முழுதும் நிறுவனம் தருகிறது என்று சொல்லிவிட்டு, ஆங்கில உதவிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் தனியாக பில் வந்தபோது கைவிரித்த ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதுக்கு மேல் படிப்புச் செலவு ஊழியரைச் சேர்ந்தது என்று எழுதிய ஒப்பந்தமும் பார்த்தேன். குடும்பம் கிளம்பும் முன்பே இதையெல்லாம் அவர்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், அப்பாவைப் பாதியில் திரும்ப அழைத்தால் என்ன ஆகும் என்பது. பிள்ளை பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ இருந்தால் தேர்வு முடியும் வரை அம்மாவும் பிள்ளையும் அதே வீட்டில் இருக்கலாம், கட்டணம் தொடரும் என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு நிறுவனங்கள் கேட்டதும் சேர்த்தன. அந்தக் குடும்பங்களில் ஒரு பெண் இந்த மே மாதம் தேர்வு எழுதி முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அப்பா அதற்கு எட்டு மாதம் முன்பே போய்விட்டார்.

அடுத்த ஏப்ரலுக்கு வருகிறவர்கள் பட்டியல் உங்களிடம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பள்ளிகள் ஆகஸ்ட் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்குவதும் அதே சமயம்தான். பட்டியலில் பதினாலு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், அப்பாவை மட்டும் ஏப்ரலில் வரச்சொல்லுங்கள், அம்மாவும் பிள்ளையும் ஜூலையில் வரட்டும். நடுவில் இருக்கும் மூன்று மாதத்துக்கு வேண்டிய ஆங்கிலப் பாடச் சொற்களை, கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும், ஜப்பானியப் பொருளோடு நான் தொகுத்து வைத்திருக்கிறேன். மொமென்ட் அதில் முதல் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன். படிவத்தில் அந்தக் கட்டத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
சத்தியவேட்டிலிருந்து, உங்களுக்குப் பள்ளி பார்த்துக் கொடுப்பவள்